முப்பத்திரண்டாவது மரம்

செங்கம்மா தம்பி வீட்டுக்கு வருவது வருஷத்துக்கு ஒரு தரம், மிஞ்சினால் இரண்டு தரம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிடுவாள். அன்றைக்கு மட்டும் உள்ளே வந்தவள் வாயைத் திறக்காமல் கூடத்துச் சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

சுவரில் புதிதாகச் சட்டம் போட்ட ஒரு படம். கறுப்பு மையில் ஐந்து ரப்பர் மரங்கள். மரங்களுக்கு நடுவே வெறும் தாள். தள்ளி நின்று பார்த்தால் அது விடியற்காலைப் பனி. ஒவ்வொரு மரத்திலும் பால் வடியச் சீவிய சரிந்த வெட்டு. வெட்டு முடிகிற இடத்தில் பால் பிடிக்கும் மங்கு.

"யாரு வரைஞ்சது?"

"நான்தான்க்கா" என்றான் மருதப்பன்.

"நீயா?"

"நானேதான். எனக்கு வரையக் கத்துக் குடுக்குற சிஃபு பெரிய படம் ஒண்ணு வச்சிருக்காரு. அதப் பாத்து வரைஞ்சது. ஞாயித்துக்கெழம நகர மண்டபத்துல அவரோட கண்காட்சி. இதையும் பக்கத்து அறையில மாட்டப் போறாங்க. அதுக்குக் கூப்பிடத்தான் உன்ன வரச் சொன்னேன்."

செங்கம்மா படத்துக்குப் பக்கத்தில் போனாள். விரலை நீட்டி, கண்ணாடியில் படாமல், வெட்டு ஒன்றின் மேல் ஓட்டினாள்.

"இந்த மரத்த சீவுனது யாரு?"

"யாரும் சீவலக்கா. படம்தானே."

"படம்னா? வெட்டு இருக்கு, மங்கு இருக்கு. எவனோ ஒருத்தன் சீவியிருக்கான்ல? எடது கைக்காரனா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அஞ்சு மரமும் தலைகீழா சீவியிருக்கு! ஏன்டா தம்பி, வெட்டு எடது பக்கம் மேல ஆரம்பிச்சு வலது பக்கம் கீழ எறங்கும். இது வலதுல ஆரம்பிச்சு எடதுல எறங்குது. இப்படி சீவுனா மங்கு நெறையுமா? அம்மா பாத்திருந்தா சீவுற உளியாலயே உன் மண்டையில போட்டிருக்கும்."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சா ஏன் இப்படிப் போட்ட?"

"சிஃபு படத்துல அப்படித்தான் இருக்கு."

"அப்ப அவருக்குத் தெரியாதா?"

அவன் படத்தின் சட்டத்தை நேராக்கினான்.

"நீ சொல்லலியா?"

அவன் சட்டத்தை மறுபடி நேராக்கினான். செங்கம்மா அவன் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"சரி விடு. டீ போடு" என்றாள்.

*

தைப்பிங் ஊரில் மழை பெய்யாத மாலைகள் குறைவு. அக்கா பஸ் ஏறிப் போன பிறகு அன்றும் மழை பிடித்துக்கொண்டது. மருதப்பன் படத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

வயது ஐம்பத்தேழு. முப்பது வருஷம் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவன். அங்கே ஒரு கோடு மயிரிழை நகர்ந்தால் ஒருவன் சமையலறை இன்னொருவன் தோட்டத்துக்குள் போய்விடும். அவன் கோடு நகர்ந்ததில்லை. ஆறு வருஷத்துக்கு முன் மனைவி போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு வேலை முடிந்து வீட்டுக்கு வருவது ஒரு தண்டனையாக இருந்தது. ஒரு நாள் சவப்பெட்டிக் கடை ஒன்றைக் கடந்துபோகும்போது, பக்கத்துப் படிக்கட்டில் 'மை ஓவியம் கற்றுத் தரப்படும்' என்று மலாயில் எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்தான். ஏறினான்.

மேலே சுவர் முழுக்க ஒரே படம். எட்டடி நீளத் தாளில் முப்பத்தொரு ரப்பர் மரங்கள் பனிக்குள் நின்றன. பன்னிரண்டு வயதுவரை அவன் அந்த மரங்களுக்கு நடுவில் ஓடியிருக்கிறான். அம்மா சீவிக்கொண்டு முன்னால் போவாள். அவன் மங்கு துடைத்துக்கொண்டு பின்னால் போவான். எஸ்டேட்டு மரத்தையும் ஒருவர் உட்கார்ந்து வரைவார் என்று அதற்கு முன் அவன் நினைத்ததே இல்லை. வீட்டு நாட்காட்டிகளில் பனிமலைகள் இருக்கும். தெய்வங்கள் இருக்கும். ரப்பர் மரம் இருக்காது.

பிறகு வெட்டைப் பார்த்தான்.

மாறியிருக்கிறதே, என்று தோன்றியது. அடுத்த நொடியே, இவ்வளவு பெரியவருக்குத் தெரியாதா, ஓவியத்துக்கு வேறு விதி இருக்கும், என்று தோன்றியது. அதற்கு அடுத்த நொடி, முதல் நாளே அதிகப்பிரசங்கித்தனம் வேண்டாம், என்று தோன்றியது. மூன்று நினைப்பும் சேர்ந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. விழுங்கிவிட்டான்.

ஆறு வருஷத்தில் அந்த மரங்களை எத்தனை தரம் பார்த்து வரைந்திருப்பான்! ஒவ்வொரு தரமும் வெட்டை இடப்பக்கமாகவே சரித்தான். கை பழகிவிட்டது. கண்ணும் பழகிவிட்டது. மறந்துபோயிற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் அக்கா சிரித்தபோது அவனுக்கு ஆச்சரியம் வரவில்லை. ஏன் வரவில்லை? மழை விடும்வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தான்.

இன்னொன்றும் இருந்தது. சிஃபுவின் மேசையில், மை அரைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், விரல் நீளத்தில் சிவப்பு வரியோடிய கல் ஒன்று இருக்கிறது. அவன் பெயரைச் செதுக்க எடுத்து வைத்தது. படத்தின் மூலையில் சிவப்பாக ஒரு முத்திரை இருந்தால்தான் அது ஒருவருடைய படம். அதுவரை வரைந்ததெல்லாம் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் அதைக் கையில் கொடுப்பதாகச் சிஃபு சொல்லியிருந்தார். ஆறு வருஷமாக அவன் காத்திருந்தது அதற்கு.

இப்போது போய் வாயைத் திறந்தால்?

திறக்காவிட்டால், ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து முப்பத்தொரு மரத்துக்கும் சிரிப்பாள். மண்டபத்தில் சத்தமாக.

*

சிஃபு என்று அவன் கூப்பிட்டது ஓங் தியாம் ஹோக் என்ற ஓவியரை. அவருக்கு அறுபத்து மூன்று வயது. இருபத்து மூன்று வயதில் சீனாவிலிருந்து கப்பலேறி வந்தவர். முதலில் கடைப்பலகைகள் எழுதினார். பிறகு சீனப் பள்ளியில் படம் சொல்லிக் கொடுத்தார். சீனாவில் பாட்டன் காலத்திலிருந்து வந்த மை ஓவிய முறையில் இந்த ஊரின் ஏரியை, வாழையை, ஈயம் தோண்டிய குட்டையை, ரப்பர் காட்டை வரைந்தார். நாற்பது வருஷத்து வேலை ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் தொங்கப் போகிறது. சவப்பெட்டிக் கடைக்கு மேலே ஏன் குடியிருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "கீழே இருப்பவர்கள் சத்தம் போடமாட்டார்கள்" என்பார்.

அவரும் மருதப்பனும் பேசிக்கொள்வது கடைத்தெரு மலாயில். அவர் வாயில் 'மருதப்பன்' நுழையாது. 'மரு' என்பார்.

வெள்ளிக்கிழமை காலை அவன் போனபோது அவர் மை அரைத்துக்கொண்டிருந்தார். கல்லில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மைக்கட்டியை வட்டமாகத் தேய்த்தார். அவசரமில்லாத கை.

"சிஃபு, ஒரு சந்தேகம்."

"உட்கார்."

"ஒரு படத்தில் தவறு இருக்கிறது. வரைந்தவருக்கு அது தெரியாது. பார்க்கிறவர்களுக்கும் தெரியாது. படம் அழகாக இருக்கிறது. அப்போது அது தவறா?"

மைக்கட்டி சுற்றிக்கொண்டே இருந்தது.

"வரைந்தவருக்குத் தெரியாது."

"ஆமாம்."

"பார்க்கிறவர்களுக்கும் தெரியாது."

"ஆமாம், சிஃபு."

"பிறகு உனக்கு யார் சொன்னது?"

மருதப்பன் எழுந்து டீ ஊற்றப் போனான். ஊற்றிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் வைத்தான். அவர் அதைத் தொடவில்லை.

"நான் வந்த புதிதில்," என்றார், "இந்த ஊர் மலையை வரைந்தேன். சீனாவில் என் ஆசிரியர் எனக்குப் பைன் மரத்தின் இலை போட ஒன்பது விதம் சொல்லிக் கொடுத்திருந்தார். ஒன்பதையும் போட்டேன். மலை முழுக்கப் பைன் மரம். சீனர் சங்கத்தில் அதை வாங்கி மாட்டினார்கள். வயதானவர்கள் பார்த்து அழுதார்கள். எனக்குப் பெருமை."

"அழமாட்டார்களா, சிஃபு? சொந்த ஊர் ஞாபகம்."

"ஒரு நாள் மலாய்க்காரர் ஒருவர் சங்கத்துக்கு மூட்டை இறக்க வந்தார். மேலே இருக்கிற பங்களாக்களுக்குத் தினமும் சாமான் தூக்கிக்கொண்டு மலை ஏறுகிறவர். படத்துக்கு முன்னால் நின்றார். எந்த ஊர் என்று கேட்டார். பின்னால் இருக்கிற மலைதான் என்றேன். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மரியாதையாகக் கேட்டார். 'நான் பதினைந்து வருஷமாக அதில் ஏறி இறங்குகிறேன். இந்த மரத்தை நான் பார்த்ததே இல்லை. எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்ட முடியுமா?'"

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"மறுநாள் அவரோடு மலை ஏறினேன்."

"மரம் கிடைத்ததா?"

"அட்டை கடித்தது."

மருதப்பன் சிரித்துவிட்டான். அவர் சிரிக்கவில்லை.

"இரண்டு வருஷம் தூரிகையைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்" என்றார். மைக்கட்டியை எடுத்துத் துடைத்து வைத்தார். "இப்போது சொல். உனக்கு யார் சொன்னது?"

"என் அக்கா."

"அக்கா ஓவியம் வரைவாரா?"

"மரம் சீவுவாள்."

அவர் திரும்பிச் சுவரில் இருந்த முப்பத்தொரு மரத்தையும் பார்த்தார். பிறகு மருதப்பனைப் பார்த்தார். அவன் எழுந்து போய், அக்கா செய்தது போலவே, தாளில் படாமல் விரலை நீட்டிக் காட்டினான். இடது மேலே. வலது கீழே. படத்தில் இருப்பது அதற்கு எதிர்.

"எல்லா மரத்திலுமா?"

"எல்லா மரத்திலும்."

"எல்லா எஸ்டேட்டிலுமா?"

"நான் பார்த்த எல்லா எஸ்டேட்டிலும், சிஃபு."

கீழே கடையில் யாரோ பலகையை இழைத்துக்கொண்டிருந்தார்கள்.

சிஃபு மேசைக்கு வந்தார். ஒரு துண்டுத் தாளை இழுத்துத் தூரிகையை மையில் தொட்டார்.

"கை என்ன செய்கிறது, பார்."

அவர் யோசிக்காமல் ஒரு கோடு போட்டார். தூரிகை வலது மேலிருந்து இடது கீழே விழுந்தது. ஆரம்பத்தில் தடித்து, போகப் போக மெலிந்து, முடிவில் ஒரு ரோமம் போல ஆனது. அழகான கோடு. இன்னொன்று போட்டார். அதே பக்கம். மூன்றாவதை வேண்டுமென்றே மாற்றி இழுத்தார். அது குச்சி போல விறைத்துக்கொண்டு நின்றது.

"என் ஆசிரியர் சொல்லிக் கொடுத்த முதல் கோடுகளில் ஒன்று" என்றார். தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "நான் இறங்கி நாற்பது வருஷம் ஆகிறது. இந்தக் கை இன்னும் கப்பலை விட்டு இறங்கவில்லை."

மருதப்பனுக்கு அழுகை வரும் போல இருந்தது. "சின்ன விஷயம்தான், சிஃபு" என்றான்.

"உனக்கு எப்போது தெரியும்?"

"நேற்று அக்கா வந்தபோது..."

"அக்காவுக்கு எப்போது தெரியும் என்று நான் கேட்கவில்லை."

இழைப்புளிச் சத்தம் நின்று மறுபடி தொடங்கியது.

"முதல் நாள்" என்றான் மருதப்பன்.

"ஆறு வருஷம்."

"ஆமாம்."

"தினமும் எனக்கு டீ ஊற்றிக் கொடுத்திருக்கிறாய்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் குரு."

சிஃபு தூரிகையைத் தண்ணீரில் அலசினார். தண்ணீர் கறுத்தது. அதைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் எடுத்து மறுபடி அலசினார்.

"அந்த மலாய்க்காரர் எனக்குச் சீடனாக இல்லை" என்றார். "நல்ல காலம்."

பிறகு, மைக்கல்லுக்குப் பக்கத்தில் இருந்த சிவப்பு வரிக் கல்லை எடுத்தார். மேசையின் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே போட்டு மூடினார்.

மருதப்பன் அதைப் பார்த்தான். பார்க்காதது போல இருந்தான்.

"உன் அக்கா வீட்டுக்குக் காலையில் பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார் சிஃபு.

*

செங்கம்மா ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆகியிருந்தது. மகனோடு எஸ்டேட்டு வீட்டில்தான் இருந்தாள். வீட்டுக்குப் பின்னாலேயே மரங்கள் தொடங்கிவிடும்.

சனிக்கிழமை காலை இருவரையும் வாசலில் பார்த்ததும், "வாங்க தவுக்கே" என்றாள் மலாயில். சீனர் என்றால் அவளுக்கு எல்லோரும் கடை முதலாளிதான்.

"தவுக்கே இல்லக்கா, சிஃபு" என்றான் மருதப்பன் தமிழில். "குரு."

"கட வச்சிருக்காரா, இல்லியா?"

"இல்ல."

"பாவம்" என்றாள். பிறகு அவரிடம் திரும்பி, "கோவிச்சுக்காதீங்க தவுக்கே. தம்பி வரைஞ்சதப் பாத்து நான் சிரிச்சுட்டேன்" என்றாள்.

"நன்றாகச் சிரித்தீர்களா?"

"கண்ணுல தண்ணி வந்துருச்சு."

"என் படங்களைப் பார்த்து அழுதவர்கள் உண்டு" என்றார் சிஃபு. "சிரித்தவர் நீங்கள்தான். காட்டுங்கள்."

அவள் உளியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ஈரத் தரை. சிஃபு காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். செங்கம்மா ஒரு மரத்தின் முன் நின்றாள். பழைய வெட்டில் நேற்றைய பால் கயிறு போலக் காய்ந்து ஒட்டியிருந்தது. அதைப் பிடித்து ஒரே இழுப்பில் உரித்தாள். உளியை இடது மேல் முனையில் வைத்தாள். மரத்தைச் சுற்றிக் கால் மாற்றிப் பின்வாங்கிக்கொண்டே இழுத்தாள். பட்டை மெல்லிய சுருளாக விழுந்தது. வெட்டு நெடுக வெள்ளைப் புள்ளிகள் அரும்பின. அரும்பியவை ஒன்று சேர்ந்தன. சேர்ந்தது வலப்பக்கமாக ஓடியது.

"உள்ள பால் நரம்பு நேரா ஏறாது தவுக்கே. சாஞ்சு ஏறும். இப்படி சீவுனா நெறைய நரம்பு அறுபடும். நீங்க போட்ட மாதிரி சீவுனா, நரம்புக்குக் கூடவே போயிரும். சொட்டுதான் வரும்."

சிஃபு குனிந்து அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தார். அது மங்கில் விழும்வரை பார்த்தார்.

"எத்தனை வருஷம் சீவினீர்கள்?"

"முப்பத்தாறு."

"ஒரு நாளைக்கு எத்தனை மரம்?"

"ஐநூறு வரும்."

"நான் மொத்தமே முப்பத்தொன்று."

"அதுவும் மாத்தி" என்றாள் செங்கம்மா. மருதப்பன் பல்லைக் கடித்தான். சிஃபு தலையை ஆட்டினார்.

"நான் ஒன்று சீவட்டுமா?"

அவள் பக்கத்து மரத்தைக் காட்டி உளியைக் கொடுத்தாள். அவர் உளியைத் தூரிகை போல நிறுத்திப் பிடித்தார். கை வலப்பக்கம் போய் நின்றது. அவள் அவர் மணிக்கட்டை வெடுக்கென்று பிடித்து இடப்பக்கம் கொண்டுவந்து வைத்தாள். இழுத்தார். உளி ஆழமாக இறங்கியது.

"ஐயோ, கட்டையில படுது! மெதுவா. தோல மட்டும் எடுங்க."

அவர் நிறுத்தினார். "வலிக்குமா அதற்கு?" என்று கேட்டார்.

"அந்த எடத்துல பட்ட சரியா வளராது. முடிச்சு விழுந்துரும். அடுத்து சீவுறவன் திட்டுவான்."

அவர் உளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். செங்கம்மா தம்பியைப் பார்த்தாள்.

"நீ ஏன்டா மொகத்தத் தொங்கப் போட்டுருக்க? இந்தா. மறந்துட்டியா, இருக்கான்னு பாப்போம்."

"நான் மங்குதானேக்கா தொடச்சேன்."

"பொய் சொல்லாத. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தப்ப யாரு சீவுனது?"

நாற்பத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. உளியைக் கையில் வாங்கியதும் அவன் இடது கால் தானாகப் பின்னால் போயிற்று. முழங்கால் மடிந்தது. அவன் மரத்தைச் சுற்றி வந்து நிமிர்ந்தபோது பால் ஓடிக்கொண்டிருந்தது. தன் கையைத் தானே பார்த்தான். யாரோ இரவல் கொடுத்த கை போல இருந்தது.

மதியத்துக்குள் பஸ்ஸில் திரும்பினார்கள். சாலையோரம் ரப்பர் மரங்கள் பின்னால் ஓடின. சிஃபு சன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

*

படங்களை மண்டபத்துக்குக் கொண்டுபோக நான்கு மணிக்கு லாரி வருவதாக ஏற்பாடு. ஒரு மணிக்குச் சிஃபு பெரிய படத்தைச் சுவரிலிருந்து இறக்கித் தரையில் விரித்தார். நான்கு மூலையிலும் கல் வைத்தார். மை அரைத்தார்.

"என் படத்தை நான் கொண்டுவரவில்லை, சிஃபு" என்றான் மருதப்பன். "சுவரிலிருந்து கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன்."

"ஏன்?"

"வெட்டு மாறியிருக்கிறதே."

"இதிலும்தான் மாறியிருக்கிறது. போய் எடுத்துக்கொண்டு வா."

"சிஃபு..."

"நான் தெரியாமல் போட்டது ஒன்று. நீ தெரிந்து போட்டது ஒன்று. பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்."

அவன் சைக்கிளில் போய் எடுத்துவந்தான். அவன் வந்தபோது சிஃபு மண்டியிட்டுப் படத்தின் வலது மேல் மூலையில் எழுதிக்கொண்டிருந்தார். சீனத்தில் மூன்று வரி. முன்பு அங்கே பனி இருந்தது. எழுதி முடித்ததும் அவனுக்குப் படித்துக் காட்டினார்.

"'முப்பத்தொரு மரம். நாற்பது வருஷம் சாலையிலிருந்து பார்த்தேன். வெட்டெல்லாம் எதிர்ப்பக்கம் போட்டிருக்கிறேன். சொன்னவர் செங்கம்மா, முப்பத்தாறு வருஷம் மரம் சீவியவர்.'"

மருதப்பன் தரையையே பார்த்தான். "இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்திய படம், சிஃபு. நாளைக்குத் தலைநகரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள்."

"அதனால்தான் கொஞ்சம் பெரிதாக எழுதினேன்."

"என் பெயர் இல்லையே."

"நீ எங்கே சொன்னாய்? உன் அக்கா சிரித்தாள். அது உன் வாய் வழியாக வந்தது."

அவர் எழுந்து நின்றார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். பிறகு தூரிகையை மையில் நனைத்து அவனிடம் நீட்டினார். படத்தின் இடது கோடியைக் காட்டினார். அங்கே கடைசி மரத்துக்கு அப்பால் ஒரு முழ அகலத்துக்குத் தாள் வெறுமையாக இருந்தது.

"இங்கே ஒரு மரம் போடு."

"இது உங்கள் படம்."

"போடு."

"கெட்டுவிடும், சிஃபு."

"கெட்டுத்தான் இருபத்தெட்டு வருஷம் ஆகிறதே."

"தாளில் போட்டால் அழிக்க முடியாது."

"மரத்தில் முடியுமா?"

அவன் தூரிகையை வாங்கினான். மை சொட்டிவிடும் என்ற பயத்தில் அடிமரத்தை அவசரமாக இழுத்தான். அது சிஃபுவின் மரங்களைப் போல நெளியவில்லை. வரைபடத்தில் எல்லைக்கோடு போட்டது போல நேராக நின்றது. கிளைகளும் அப்படித்தான். வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. துடைத்தான். இனி வெட்டு.

இந்தத் தூரிகையை நிமிர்த்திப் பிடிக்க அவன் ஆறு வருஷம் பழகியிருந்தான். இப்போது சாய்த்துப் பிடித்தான். தரையில் இடது காலைப் பின்னால் நகர்த்தினான். முழங்காலை மடித்தான். இடது மேலிருந்து தன் பக்கமாக, வலது கீழே, அழுத்தாமல் இழுத்தான்.

தாள் மையைக் குடித்தது.

முப்பத்தொரு மரங்களில் வெட்டு ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஒன்றில் மறுபக்கம். படத்தைப் பார்த்தவுடன் கண் அங்கேதான் போகும். மறைக்க வழியே இல்லை.

மை காயும்வரை காத்திருந்தார்கள்.

பிறகு சிஃபு சிவப்பு மைச் சிமிழைத் திறந்தார். தன் முத்திரையை அதில் ஒற்றி, தான் எழுதிய மூன்று வரிக்குக் கீழே அழுத்தினார். மருதப்பன் இழுப்பறையைப் பார்த்தான். அவர் சிமிழை மூடினார். இழுப்பறைப் பக்கம் போகவே இல்லை.

கீழே லாரி வந்து நின்றது. ஹாரன் அடித்தார்கள். சிஃபு குனிந்து படத்தைச் சுருட்டத் தொடங்கினார்.

"சிஃபு."

"ம்."

"என் மரத்துக்குக் கீழே முத்திரை இல்லை."

"இல்லை."

"இது யார் போட்டது என்று கேட்பார்கள். எது சரி, எது தவறு என்றும் கேட்பார்கள். பக்கத்தில் இருக்கிற என் படம் ஏன் இப்படி என்றுகூடக் கேட்பார்கள்."

"கேட்பார்கள்."

"அதற்குத்தான், சிஃபு... ஒரு முத்திரை இருந்தால்..."

அவர் சுருட்டிய படத்தை நாடாவால் கட்டினார். முடிச்சை இறுக்கினார். அதைத் தூக்கி அவன் இரண்டு கையிலும் வைத்தார்.

"முத்திரை, ஆள் இல்லாத இடத்தில் பேசுவதற்கு" என்றார். "நாளைக்கு நீ அங்கே இருப்பாய்."